இரண்டு கறுப்புத் துணிகள்

புதுச்சேரியில் சமூகவியல் முதுகலை படிக்கும் தம்பி ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "என் தாத்தா திராவிடர் கழகத்துக்காரர். 1970-களில் ஐயர் இல்லாமல், தாலி இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டார். அவர் மகனான என் அப்பா வருடம் தவறாமல் சபரிமலைக்கு மாலை போடுகிறார். பிரதோஷம் என்றால் எங்கள் தெருக் கோயிலில் நிற்க இடமில்லை. ஆனால் சமூகம் நவீனமாக ஆக மதம் பின்வாங்கும் என்று பாடத்தில் படிக்கிறோம். பாடம் தப்பா? இல்லை, நம் ஊர்தான் விதிவிலக்கா?"

தம்பி, பாடம் முழுத் தப்பும் இல்லை, நம் ஊர் விதிவிலக்கும் இல்லை. கடலூர்ப் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் இதே பாடத்தை நடத்தியவன் நான். உங்கள் கேள்வியை வெவ்வேறு வார்த்தைகளில் எத்தனையோ பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: கோயிலில் நிற்கும் தலைகளை எண்ணுவதைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு, அங்கே முடிவெடுப்பது யார் என்று பாருங்கள். மாற்றம் அங்கேதான் நடந்திருக்கிறது.

முதலில் பாடத்தைச் சரியாக வாசிப்போம். 1917-ல் மியூனிக்கில் ஆற்றிய உரையில் ஜெர்மன் சமூகவியலாளர் மேக்ஸ் வெபர், உலகத்திலிருந்து மாயம் கலைந்துகொண்டிருக்கிறது என்றார். எதையும் கணக்கிட்டு அறியலாம் என்ற எண்ணம் வந்துவிட்டால் ஆவிகளையும் தேவதைகளையும் வேண்டிக்கொள்ளும் தேவை குறையும் என்பது அவர் வாதம். 1960-களில் பீட்டர் பெர்கர் இதை விரிவான கோட்பாடாகவே கட்டினார். அதே பெர்கர் 1999-ல், தானும் தன் சகாக்களும் சொன்னது பெரும்பாலும் தவறு, உலகத்தின் பெரும்பகுதி முன்பு போலவே தீவிரமான மதப்பற்றோடுதான் இருக்கிறது என்று வெளிப்படையாக எழுதினார். தான் கட்டிய கோட்பாட்டைத் தன் கையாலேயே கலைத்தவர் என்பதால் எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு.

அதற்காக ஐரோப்பாவில் நடந்ததை இல்லை என்று சொல்ல முடியாது. 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தங்களைக் கிறிஸ்தவர் என்றவர்கள் 46.2 சதவீதம். எந்த மதமும் இல்லை என்றவர்கள் 37.2 சதவீதம். இந்தியாவில் 2019-20-ல் பியூ ஆய்வு மையம் ஏறத்தாழ 30,000 பேரிடம் கேட்டபோது 97 சதவீதத்தினர் கடவுளை நம்புவதாகச் சொன்னார்கள்.

இந்த முடிச்சை அவிழ்க்க, மதச் சமூகவியலாளர் ஹோசே கசனோவா 1994-ல் சொன்ன ஒரு பிரிவினை எனக்கு இன்றுவரை உதவுகிறது. செக்யூலரைசேஷன், அதாவது மதத்தின் பிடி தளர்வது, என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு சங்கதிகளைத் திணித்து வைத்திருக்கிறோம் என்றார் அவர். சட்டம், மருத்துவம், கல்வி, ஆட்சி ஆகியவை மதத்தின் பிடியிலிருந்து தனித்தனியாகப் பிரிந்து போவது ஒன்று. நம்பிக்கையும் வழிபாடும் குறைவது இன்னொன்று. மதம் பொதுவெளியை விட்டு வீட்டுக்குள் ஒதுங்குவது மூன்றாவது. முதலாவது நடந்தால் மற்ற இரண்டும் தானாகப் பின்னால் வரும் என்று நினைத்ததுதான் பிழை.

இதை மாரியம்மனை வைத்துப் பார்த்தால் சட்டென்று விளங்கும். நான் சிறுவனாக இருந்தபோது பெரியம்மை உயிரோடு இருந்த நோய். யாருக்காவது கண்டால் "அம்மா வந்திருக்கிறாள்" என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகுவார்கள், தாளிப்பு கிடையாது, வெளியாட்கள் வரக்கூடாது. என்ன சாப்பாடு, எப்போது தலைக்குத் தண்ணீர் என்பதெல்லாம் பூசாரியும் வீட்டுப் பாட்டியும் சேர்ந்து சொல்வது. நோய், மருந்து, தெய்வம் மூன்றும் ஒரே ஆள். 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1977-ல் உலக சுகாதார நிறுவனத்தின் குழு அதை உறுதிப்படுத்திச் சான்று தந்தது. தடுப்பூசி போட்டவர்கள் வேலையை முடித்துவிட்டார்கள். பழைய கோட்பாட்டின்படி, வேலை போய்விட்ட தெய்வத்தின் கோயிலில் விளக்கு அணைந்திருக்க வேண்டும்.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பண்ருட்டியிலிருந்து பாகூர் வரை பஸ்ஸில் வந்து பாருங்கள். ஊருக்கு ஊர் செடல் குத்தும் திருவிழா, கூழ் ஊற்றல், சீரியல் விளக்கு, ஒலிபெருக்கி. என் சிறு வயதில் ஒரு நாள் நடந்த செடல் இன்று பத்து நாள் உற்சவமாக நடக்கிறது. அம்மனிடம் வேண்டிக்கொள்வதும் மாறிவிட்டது: பிள்ளைக்கு நீட் மதிப்பெண், மகளுக்குக் குழந்தை, மருமகனுக்கு விசா. சின்னம்மை வந்தால் இன்றும் வேப்பிலை வைக்கிறார்கள். கூடவே டாக்டர் எழுதிய மாத்திரையும் போடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே சண்டையே இல்லை. ஆனால் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாமா என்று இன்று யாரும் பூசாரியிடம் அனுமதி கேட்பதில்லை. கசனோவா சொன்ன முதல் மாற்றம் இதுதான். நம்பிக்கை இருக்கிறது, கூட்டம் கூடியிருக்கிறது. உடம்பின்மேல் இருந்த அதிகாரம் மட்டும் கைமாறிவிட்டது. அது சின்ன மாற்றம் இல்லை.

மதம் மாறுவது நமக்குப் புதிதும் இல்லை. கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு காலத்தில் பெரிய சமணப் பள்ளி இருந்தது. ஏழாம் நூற்றாண்டில் திருநாவுக்கரசர் அங்கே தருமசேனர் என்ற பெயரில் இருந்துவிட்டுத்தான் சைவத்துக்கு வந்தார். கல்லில் கட்டிக் கடலில் தள்ளியும் மிதந்து வந்து அவர் கரையேறினார் என்று சொல்லும் இடத்துக்கு இன்றும் கரையேறவிட்டகுப்பம் என்றுதான் பெயர். பிறகு பல்லவ மன்னனும் சைவனானான். சமணப் பள்ளியை இடித்து அந்தக் கல்லைக் கொண்டு திருவதிகையில் கோயில் எழுப்பினான் என்கிறது பெரியபுராணம். அங்கே முடிவெடுத்தது யார் என்று கவனியுங்கள். மன்னன் மாறினான், ஊர் மாறியது. உழுதுகொண்டிருந்தவனிடமும் வலை இழுத்துக்கொண்டிருந்தவனிடமும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

புதுச்சேரிக்கு வந்தால் கதை இன்னும் கூர்மையாகிறது. 1745-ல் சம்பா கோயில் என்ற தேவாலயத்தில் நடந்த ஒன்றை, பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். தேவாலயத்துக்குள்ளேயே ஒரு சுவர். ஒரு பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள், மறு பக்கம் மற்றவர்கள். காரைக்காலிலிருந்து வந்த பாதிரியார் ஒருவர் அந்தச் சுவரை இடிக்கச் சொன்னார். சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்து எழுந்தார்கள். மதம் மாறி வந்த மக்கள் அவர்கள். கடவுளின் பெயர் மாறியது, உட்காரும் இடம் மாறவில்லை. மத மாற்றத்தைப் பற்றி எழுத உட்காரும் ஒவ்வொரு மாணவரும் அந்தச் சுவரை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

அதே ஊரில் 1881-ல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. விரும்புகிறவர்கள் தங்கள் மத, சாதி வழக்கப்படியான சொந்தச் சட்டத்தைக் கைவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். வரும்போது ஒரு குடும்பப் பெயரையும் சூட்டிக்கொள்ள வேண்டும். அப்படிக் கையெழுத்துப் போட்டவர்களை ரெனோன்சான், அதாவது கைவிட்டவர்கள், என்றார்கள். திருமணம், வாரிசுரிமை எல்லாம் அந்த ஒரு கையெழுத்தில் மத வழக்கத்தை விட்டு வெளியே வந்தன. போட்டவர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவதை நிறுத்தவில்லை. சட்டம் வேறு, பக்தி வேறு என்று வாழ்ந்து காட்டினார்கள். கசனோவாவின் முதல் அர்த்தத்துக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது. உங்கள் கல்லூரியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் அந்தக் குடும்பங்களின் வாரிசுகள் இன்னும் இருக்கிறார்கள்.

பிரான்சில் 1905-ல் அரசையும் திருச்சபையையும் சட்டம் போட்டுப் பிரித்தார்கள். இங்கே வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேருக்கு பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்தார். அந்த வழக்கம் விடவில்லை, இன்றும் ஆடித் தேருக்குத் துணைநிலை ஆளுநரும் முதல்வரும் வந்து வடம் தொடுகிறார்கள். அரசு விலகி நிற்பது ஒரு வகை மதச்சார்பின்மை என்றால், அரசு எல்லார் வாசலுக்கும் போய் நிற்பது நம் வகை. இரண்டையும் ஒரே தராசில் வைத்து ஒன்றைக் குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் நம் வகையில் அரசு வெறுமனே வந்து நிற்பதோடு போவதில்லை. எது சரியான வழிபாடு என்று தீர்மானிக்கும் இடத்துக்கும் வந்துவிடுகிறது.

வடலூரைப் பாருங்கள். வள்ளலாரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, சுருக்கப் பார்க்கிறேன். சாதியும் சமயமும் சாத்திரச் சண்டையும் வேண்டாம் என்றார். 1867-ல் தருமச்சாலையைத் திறந்து, பசியோடு வருகிறவரிடம் எதுவும் கேட்காமல் சோறு போடு என்றார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. 1872 தைப்பூசத்தில் சத்திய ஞான சபையில், உருவம் எதுவும் வைக்காமல், ஏழு திரைகளுக்குப் பின்னே ஒளியைக் காட்டினார். மதத்தின் தளையை உள்ளிருந்தே, அருள் பாடிக்கொண்டே அறுத்தவர் அவர். மதம் தளர்வதற்கு நாத்திகம்தான் வழி என்று நினைக்கும் ஐரோப்பியப் பாடத்தில் இவருக்கு இடமே இல்லை. அவர் பாடல்கள் அருளால் வந்தவையா, வெறும் மருளா (மயக்கமா) என்ற சண்டை யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலரோடு வளர்ந்து, 1869-ல் மஞ்சக்குப்பம் கோர்ட்டு வரை போனது. சைவத்துக்குள் எழுந்த ஒரு தகராறைத் தீர்க்க வெள்ளைக்காரன் கோர்ட்டு தேவைப்பட்டது.

1874-ல் அவர் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்ட பிறகு நடந்ததைத்தான் வெபர் வேறு நாட்டு உதாரணங்களோடு எழுதியிருக்கிறார். ஒரு மனிதரின் அருளாற்றலால் எழுந்த இயக்கம், அவர் போனபின் பதவியாகவும் பரம்பரையாகவும் சடங்காகவும் இறுகும் என்றார். உருவம் வேண்டாம் என்றவரின் சபையிலேயே பிற்காலத்தில் லிங்கம் வைத்துப் பூசை நடந்தது. சன்மார்க்க அன்பர்கள் புகார் கொடுத்தார்கள். 2006-ல் அறநிலையத்துறை, வள்ளலார் வகுத்த முறைப்படி ஜோதி வழிபாடுதான் நடக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2010-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. எனக்கு அந்தத் தீர்ப்பில் சந்தோஷம்தான். ஆனாலும் சமூகவியல் படித்தவனாக ஒன்றைக் குறித்துக்கொண்டேன்: ஒரு ஞானியின் வழி எது என்று கண்டுசொல்லும் வேலை மதச்சார்பற்ற அரசின் அதிகாரிக்கும் நீதிபதிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. சிதம்பரம் நடராசர் கோயிலிலும் அப்படித்தான். 2009-ல் அரசு நிர்வாகத்தை எடுத்தது, 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் தீட்சிதர்களிடமே திருப்பிக் கொடுத்தது. யார் ஜெயித்தார்கள் என்பதை விட்டுவிடுங்கள். இரண்டு தரப்பும் நியாயம் கேட்டுப் போன இடம் அரசியலமைப்புச் சட்டம். ஆகமத்தைப் பேசினாலும் அந்தச் சட்டத்தின் மொழியில்தான் பேச வேண்டியிருந்தது.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம்.

உங்கள் தாத்தாவின் அப்பாவை நினைத்துப் பாருங்கள். அவருக்குத் தெய்வம் என்பது பிறந்த தெருவோடும் சாதியோடும் கூட வந்தது. எந்தத் திருவிழாவில் என்ன வேலை, எவ்வளவு வரி, எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவர் பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிட்டது. அதை வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, வேறொன்றைத் தேடிப் போகவும் முடியாது. உங்கள் தாத்தா கறுப்புச் சட்டை போட்டு, அந்த ஏற்பாட்டை விட்டு வெளியே வந்தார். அது லேசான காரியம் இல்லை. கடலூரில் 1944-ல் பெரியார்மேல் செருப்பு வீசிய காலத்தின் தொடர்ச்சி அது. சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்ற சட்டமே 1967-ல் அண்ணா ஆட்சியில்தான் வந்தது. அதற்கு முன் அப்படிக் கல்யாணம் செய்தவர்களின் பிள்ளைகளுக்கு வாரிசு உரிமை உண்டா என்பதே கேள்வியாக இருந்தது.

உங்கள் அப்பாவும் அதே அளவுக்குத் தானாக முடிவெடுத்தவர்தான். ஐயப்பன் உங்கள் குலதெய்வம் இல்லை, ஊர்த் தெய்வமும் இல்லை. மலை கேரளத்தில் இருக்கிறது. நாற்பத்தோரு நாள் விரதம் இரு என்று எந்த நாட்டாண்மையும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. நண்பர் ஒருவரோ உடன் வேலை பார்க்கும் குருசாமியோ அழைத்திருப்பார், இவர் விருப்பப்பட்டு மாலை போட்டிருப்பார். அந்த நாட்களில் பெயரும் சாதியும் போய் எல்லாரும் "சாமி" ஆகிறார்கள். தாத்தாவின் கறுப்புச் சட்டையும் அப்பாவின் கறுப்பு வேட்டியும் எதிரெதிர்த் திசையில் போவதாகத் தெரிகிறது. பிறப்பு கொடுத்ததை அப்படியே ஏற்காமல், நான் எதை நம்புவது என்று நானே முடிவெடுப்பேன் என்ற துணிச்சல் இரண்டிலும் இருக்கிறது. உங்கள் கொள்ளுத் தாத்தாவால் இரண்டையும் செய்திருக்க முடியாது. இதே புதுவையில் 1891-ல் பிறந்த பாரதிதாசன் முதலில் மயிலம் முருகனைப் பாடினார், பிறகு பெரியாரிடம் வந்தார். அந்தப் பயணத்தையும் இந்தக் கண்ணோடுதான் நான் பார்க்கிறேன். 1968-ல் ஆரோவில்லுக்கு அடிக்கல் நாட்டியபோது மதம் வேண்டாம், ஆன்மிகத் தேடல் வேண்டும் என்று வந்தவர்களும் இந்த வரிசையில்தான் வருவார்கள்.

ஆக, பிரதோஷக் கூட்டத்தைப் பார்த்து மதம் திரும்பி வந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். அது போகவே இல்லை. கட்டாயமாக இருந்தது விருப்பமாக ஆகியிருக்கிறது. விருப்பமாக ஆனதால்தான் இவ்வளவு விதங்கள் வந்திருக்கின்றன: குருப்பெயர்ச்சிக்கு ஒரு கோயில், ராகு கேதுவுக்கு ஒரு கோயில், வாடகை மாடியில் ஜெபக்கூட்டம், கைபேசியில் ஆரத்தி. விருப்பத்துக்கு இடம் வந்தால் அதோடு சந்தையும் வரும், அரசியலும் வரும். 1980-களுக்குப் பிறகு தெருத்தெருவாக வளர்ந்த விநாயகர் ஊர்வலங்களைப் பாருங்கள். பக்தி கொஞ்சம், "நாங்கள் யார் தெரியுமா" என்று காட்டுவது கொஞ்சம். அது எனக்குக் கவலை தருகிறது. ஏனென்றால் கடலூர் மாவட்டத்துக் கிள்ளையில் மாசி மகத்துக்குப் போகும் ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாளை முஸ்லிம் மக்கள் வரவேற்று மரியாதை செய்கிறார்கள், பெருமாளின் மாலை தர்காவுக்குப் போகிறது. அது யாரும் கூட்டம் போட்டு எடுத்த நல்லிணக்கத் தீர்மானம் இல்லை. கட்டாயமும் வழக்கமுமாக இருந்த பழைய மதத்துக்குள் இருந்த நல்ல அம்சம். நாமே தேர்ந்தெடுக்கும் மதத்தில் அதற்கு இடம் வைப்போமா என்பது நம் தலைமுறையின் கையில் இருக்கிறது.

சில விஷயங்கள் போயும் இருக்கின்றன. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வாசித்து இரவு இரவாகக் கூத்து நடக்கும். விடியும்வரை சாக்கை விரித்துப்போட்டு உட்கார்ந்திருப்போம். அர்ச்சுனன் தபசு மரம் ஏறும்போது பெண்கள் எலுமிச்சம்பழத்துக்கு மடி ஏந்தி நிற்பார்கள். தீமிதி இன்றும் உண்டு, கூட்டமும் அதிகம். பாரதக் கதையை முழுசாகக் கேட்டவர்கள்தான் குறைந்துவிட்டார்கள். சடங்கு தங்கி அதன் கதை கரைந்துபோவதும் ஒரு வகைத் தேய்மானம்தான். தலையை எண்ணும் கருத்துக்கணிப்பில் அது சிக்காது.

விருப்பம், தேர்வு என்றெல்லாம் நான் சொல்வது எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைத்துவிடவில்லை என்பதையும் உங்கள் ஆய்வேட்டில் எழுதுங்கள். பக்கத்து விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்களை விட மறுத்த தகராறில் 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். கோயில் நுழைவுச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-லேயே வந்துவிட்டது. சட்டம் வந்து முக்கால் நூற்றாண்டு கழித்தும், ஒரு மனிதர் தன் ஊர் அம்மனைக் கும்பிடப் போகலாமா என்பதை இன்னொருவர் முடிவு செய்கிறார். 1745-ல் சம்பா கோயிலுக்குள் நின்ற சுவரின் நீளத்தை அளக்க வேண்டுமானால் மேல்பாதி வரை போக வேண்டும். நம் பக்கத்தில் மதம் தளர்ந்ததா என்று கேட்கிறவர்கள், சாதி தளர்ந்ததா என்று கேட்காமல் பதில் எழுதினால் அந்தப் பதில் பாதிதான்.

கடைசியாக ஒன்று. தாத்தாவைச் சொன்னீர்கள், அப்பாவைச் சொன்னீர்கள். உங்கள் அம்மாவையும் பாட்டியையும் பற்றி ஒரு வரிகூட இல்லை. மதச் சமூகவியல் பாடப் புத்தகங்களிலும் இதே குறை வெகுகாலம் இருந்தது. அப்பா மாலை போட்ட நாற்பத்தோரு நாளும் விடியற்காலையில் எழுந்து குளித்துத் தனியாகச் சமைத்தது யார்? அந்த மலைக்கு உங்கள் அம்மா எந்த வயதில் போக முடியும் என்பது 2018-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகும் ஓயாத சண்டையாக இருக்கிறது. மேல்மருவத்தூருக்குச் சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு பெண்கள் ஏன் பஸ் பஸ்ஸாகப் போனார்கள்? அங்கே கருவறைக்குள் போய்த் தங்கள் கையாலேயே வழிபாடு செய்யலாம், மாதவிலக்கு என்று யாரும் தள்ளி நிறுத்த மாட்டார்கள். ஒரு பெண்ணுக்கு முடிவெடுக்கும் உரிமை கிடைத்த இடத்தைத் தேடிப் போனார்கள் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

பாட்டியிடம் கேளுங்கள்: தாலி இல்லாமல் கல்யாணம் என்று தாத்தா சொன்னபோது உன்னிடம் கேட்டாரா? அம்மாவிடம் கேளுங்கள்: கல்யாணத்துக்கு முன் உனக்கு எது குலதெய்வம், இப்போது எந்தக் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கிறாய், மாற்றியது யார்? அவர்கள் சொல்வதை அப்படியே, அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள். உட்கார்ந்து பேசுவோம்.